இல்லாத பயத்தைப் போக்குகிறவர்

உடம்பை விட்டு இறங்கிய அந்தரங்கப் பேன் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? வாடகைக்கு அறை பார்க்கப் போன இடத்தில் இந்தக் கேள்வி வந்து விழுந்தபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அறையைக் காட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கும் தெரியவில்லை. கேட்ட என் சித்தப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அவர் ஒரு தனி இனம். நமக்கு இல்லாத பயத்தைப் போக்குகிறவர்கள் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். லிப்டில் ஏறியதும், கயிறு அறுந்தாலும் சட்டென்று விழாது என்பார். ஊசி போட்டுக்கொள்ளப் போனால், ஊசி உடைந்து உள்ளேயே தங்குவதெல்லாம் ரொம்ப அபூர்வம் என்பார். அதுவரை நீங்கள் கயிற்றையும் ஊசியையும் நினைத்தே இருக்க மாட்டீர்கள். இனி வேறு எதையும் நினைக்க மாட்டீர்கள். நல்ல மனசுதான். அதுதான் ஆபத்து.

எனக்கு அந்த அறை அவசியம் வேண்டியிருந்தது. பள்ளியை முடித்து, ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்து, சித்தப்பா வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். நான் கண்ணை மூடும் நேரம் பார்த்து வந்து, இந்த வயதில் மாரடைப்பு வருவது குறைவு, நிம்மதியாகத் தூங்கு என்பார். யாரால் தூங்க முடியும்? தனி அறை கிடைத்தால் பிழைத்தேன். ஆனால் பெரியவர் யாராவது வந்து பேசினால்தான் தருவேன் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார்.

பெரியவர் வந்தார். அறை அருமை. பெரிய ஜன்னல், கட்டில், சுத்தமான மெத்தை. அம்மா சாவியை நீட்டினார். அந்த நேரம் பார்த்து சித்தப்பா மெத்தையைத் தட்டிப் பார்த்தார்.

"மெத்தைய நினைச்சு நீங்க பயப்படவே வேணாம்மா. அந்தரங்கப் பேன் உடம்ப விட்டு இறங்கினா எத்தன நாள் உயிரோட இருக்கும்? மிஞ்சிப் போனா ரெண்டு நாள்."

சாவி பாதி வழியில் நின்றது. "யாருக்கு அது?" என்றார் அம்மா.

"யாருக்கும் இல்லம்மா. பையன் சுத்தமானவன்."

அவர் சொன்ன விதத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதோடு விட்டாரா? அது பார்ப்பதற்குக் குட்டி நண்டு மாதிரி இருக்கும் என்றார், அதற்குக் குதிக்கவோ பறக்கவோ தெரியாது என்றார், தலைப்பேன் அதற்குத் தூரத்துச் சொந்தம்தான், கொரில்லாவின் பேன்தான் நெருங்கிய பங்காளி என்றார், கண் இமையில்கூடக் குடியேறும் என்றார், ரொம்ப நெருங்கிப் பழகினால்தான் ஒட்டும், கழிப்பறை இருக்கையிலிருந்து வருவது அபூர்வத்திலும் அபூர்வம், எனவே அந்தக் கவலையும் வேண்டாம் என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னார். அம்மா புருவத்தைச் சொறிந்தார். நான் கழுத்தைச் சொறிந்தேன்.

வாசலில் செய்தித்தாளோடு நின்றிருந்த வீட்டுக்கார அம்மாவின் கணவர் இப்போது மெல்லக் கனைத்தார்.

"சார், அந்த இருக்கை விஷயம்... கொஞ்சமாச்சும் வரும்ல?"

அம்மா அவர் பக்கம் திரும்பினார். "ஆபீஸ் பாத்ரூம்லேருந்து வந்துச்சுன்னு தானே சொன்னீங்க?"

இந்த இடத்தில் எந்த மனிதனும் ஓடியிருப்பான். சித்தப்பா ஆறுதல் சொன்னார். "பயப்படாதீங்க சார், மருந்து இருக்கு. யாரோட பழகினீங்களோ அவங்களும் போட்டுக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்து, அறை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. அவர் அதுலதான் இருக்காரு."

நான் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறேன். வீடு கிடைக்காத கவலையால் முடி கொட்டினாலும் திரும்ப முளைத்துவிடும் என்று நேற்று சித்தப்பா சொன்னார்.

ஆகவே ஓர் உதவி. இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரிடமாவது காலி அறை இருக்கும். பேன் சமாசாரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லுங்கள். அதை விட முடியவில்லையா? கேட்பவருக்கு ஒரு தைரியமாக இருக்கட்டுமே என்று தோன்றுகிறதா? அப்படியானால் வணக்கம், சித்தப்பா.