மாசிலாமணி சுவர் கழுவிய கதை

ஒரு காட்டில், பெயர் வைப்பதற்கான கோப்பு மூன்றாம் மேசையைத் தாண்டாததால் இன்னமும் வெறும் காடு என்றே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், மாசிலாமணி என்ற கரடி தன் மனைவி செங்கமலத்தோடு வாழ்ந்துவந்தது.

மாசிலாமணி எதையும் யோசித்துச் செய்கிற கரடி. புற்றை உடைப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் தட்டிப் பார்க்கும். தட்டி முடிப்பதற்குள் கறையான்கள் குடும்பத்தோடு இடம் மாறிவிடும். இருந்தாலும் அவசரப்படவில்லை என்ற திருப்தியோடு வெறும் வயிற்றுடன் வீடு திரும்பும்.

அந்த வீட்டைக் கட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. கட்டும்போது சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். நாலு மழைக்காலம் பார்த்ததில் பாசி ஏறி, மேலிருந்து கீழ்வரை முழுப் பச்சையாகிவிட்டது. காட்டில் எல்லா வீடும் அப்படித்தான் இருந்தது. அதனால் எந்த வீடும் பச்சையாக இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் மரங்கொத்தி வந்து கதவில் ஓர் அறிவிப்பைக் கொத்திவிட்டுப் போனது.

'வனத் தூய்மை வாரியம். வீடுகளின் வெளிச்சுவரில் கறை இருக்கக் கூடாது. ஆய்வு நாள் ஆவணி பத்து. கறை காணப்பட்டால் தேன் அட்டை ரத்து.'

செங்கமலம் அப்போது மாசமாக இருந்தாள். அவளுக்குக் காலையில் தேன், மத்தியானம் தேன், இடையில் மனசு சரியில்லை என்றாலும் தேன். அட்டை போய்விட்டால் கூட்டுக்கடையில் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது.

"ஏங்க, இன்னைக்கே கழுவிடுங்க" என்றாள்.

"கழுவறது பெரிசில்லை செங்கமலம். எப்படிக் கழுவறதுங்கிறதுதான் விஷயம்" என்றது மாசிலாமணி.

அது சும்மா சொன்னதில்லை. வாரியத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதை வாங்கவே மாசிலாமணி காலையிலிருந்து வரிசையில் நின்றது. முன்னால் ஓர் ஆமை. படிவத்தின் ஏழாவது கட்டத்தில் 'கழுவும் முறை' என்று இருந்தது.

"இதுல என்னம்மா எழுதணும்?" என்று ஜன்னலுக்குள் இருந்த முயலைக் கேட்டது.

"எந்த முறையில கழுவுவீங்களோ அதை."

"எது நல்ல முறை?"

"அது எட்டாவது ஜன்னல்."

"எட்டாவது ஜன்னல் எங்கே இருக்கு?"

"இன்னும் கட்டலை. அடுத்த ஆள் வாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் தடிவீரன். காட்டுப்பன்றி. சேற்றில் படுத்தபடியே தன் படிவத்தின் மேல் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மாசிலாமணி, நீ ஏன் அலையறே? ஆய்வுக்கு வர்ற அந்தக் கொக்கு எங்கே வந்து பார்க்கப்போவுது? பேசாம படு" என்றார்.

மாசிலாமணிக்குப் படுக்க மனம் வரவில்லை. விசாரிக்கப் புறப்பட்டது.

முதலில் வேழமுத்து யானையிடம் போனது. ஆற்றில் தண்ணீரை உறிஞ்சி, தும்பிக்கையால் பீய்ச்சி அடிப்பது அவர் தொழில்.

"ஒரே அடி தம்பி! பாசி பறந்து பக்கத்துக் காட்டுல போய் விழும்."

"சுவர் நிக்குமாண்ணே?"

"நல்ல சுவரா இருந்தா நிக்கும். நிக்கலைன்னா அது நல்ல சுவர் இல்லைன்னு தெரிஞ்சுக்கலாமே. ரெண்டுல எதுவானாலும் உனக்கு லாபம்தான்."

அடுத்தது முள்ளம்பன்றி காத்தாயி. முதுகைச் சுவரில் வைத்துத் தேய்ப்பது அவள் முறை. "யானை அடிச்சா காரை பேர்ந்துடும். அந்த நீர்நாய் மருந்து ஊத்தினா செடி செத்துடும். முதுகுத் தேய்ப்புக்கு ஈடு உண்டாண்ணே? எங்க வீட்டுக்காரரைப் பாருங்க, வாரம் ஒருக்காத் தேய்க்கறேன்" என்றாள். வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். முதுகைத் தடவிக்கொண்டார்.

மூன்றாவது நீர்நாய் நவநீதன். வெளிக்காட்டில் படித்துவிட்டு வந்தவன். பூந்திக்கொட்டையும் இன்னும் ஏதோ ஒன்றும் கலந்த கரைசலை வைத்திருந்தான். அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று கேட்டால் சிரிப்பான். "இது மென்கழுவல் சார். நாங்க பாசியோட சண்டை போடறதில்லை. மெதுவா பூசிட்டு ஒதுங்கிடுவோம். பாசி தானே உணர்ந்து விலகிடும்."

மூன்றும் சரியாகப் பட்டது. மூன்றிலும் பயமும் இருந்தது. ஐந்து நாள் மாசிலாமணிக்குத் தூக்கம் இல்லை. செங்கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "குட்டி பொறந்து வளர்ந்து அதுவே வந்து கழுவிடும் போலிருக்கு" என்றாள்.

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆறாம் நாள் மாசிலாமணி ஒரு முடிவுக்கு வந்தது. மூன்று பேரையும் கூப்பிட்டு, வாசல் சுவரில் ஆளுக்கு ஒரு பாய் அகலம் காட்டி, "முதல்ல இவ்வளவு மட்டும் செஞ்சு காட்டுங்க. எது நல்லா வருதோ அதையே முழுக்கச் செய்யலாம்" என்றது. அறிவுள்ள யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வேழமுத்து அடித்த இடம் பளிச்சென்று வெளுத்தது. கூடவே ஒரு கை காரையும் பேர்ந்தது. தண்ணீர் ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் படுக்கையை நனைத்தது. படுக்கையில் செங்கமலம் இருந்தாள். அவள் சொன்ன வார்த்தைகளைக் கேட்டு யானையே இரண்டு அடி பின்னால் போனது.

காத்தாயி தேய்த்த இடமும் வெளுத்தது. ஆனால் புலி நகத்தைத் தீட்டிய மாதிரி முழுக்கக் கீறல்.

நவநீதன் பூசிவிட்டு ஒதுங்கினான். கால் நாழிகையில் பாசி கரைந்து வழிந்தது. சுவர் அன்று அடித்த சுண்ணாம்பு மாதிரி நின்றது. கீழே இருந்த செம்பருத்தியில் நாலு இலை மட்டும் பழுத்து விழுந்தது.

"இதுதான்!" என்று மாசிலாமணி துள்ளியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவு எடுத்துவிட்ட சந்தோஷம். ஏழாவது கட்டத்தில் 'மென்கழுவல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியது. "நவநீதா, மிச்சத்தையும் நாளைக்கு முடிச்சுடு."

"நாளைக்கா? ஆத்தங்கரையில எனக்குப் பன்னெண்டு பாறை பாக்கி இருக்கு சார். பதினொண்ணாம் தேதி காலையில முதல் வேலையா வந்துடறேன்."

"ஆய்வு பத்தாம் தேதிப்பா!"

"ஒரு நாள்தானே சார், சொன்னா கேட்டுக்குவாங்க."

பத்தாம் தேதி காலையில் ஆய்வாளர் சதாசிவம் வந்தார். கொக்கு. கழுத்தில் அளவு நாடா, இறக்கைக்குள் வாரியம் புதிதாகக் கொடுத்த கைக்கருவி. சுவருக்கு நேரே கருவியைப் பிடித்தால் அது படம் எடுத்துக் கறை எத்தனை என்று தானே சொல்லிவிடும்.

முதலில் தடிவீரன் வீடு. சுவரா சேறா என்று தெரியாத பச்சை. கருவி 'டிங்' என்றது.

"கறை இல்லை" என்றார் சதாசிவம். தடிவீரன் தூக்கத்திலிருந்து எழவே இல்லை.

மாசிலாமணிக்கு உயிர் வந்தது. அந்தச் சுவரே தேறிவிட்டால், மூன்று இடம் பளபளக்கும் தன் சுவருக்கு என்ன குறை? நெஞ்சை நிமிர்த்தி வாசலில் நின்றது.

கருவி கூவியது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"மூன்று கறை" என்று சதாசிவம் எழுதிக்கொண்டார். "மூன்றும் வெள்ளை."

"ஐயா, அது கறை இல்லைங்க. அதுதான் சுவரு."

"சுவர் பச்சை. அதில் வெள்ளையாக மூன்று இடம் இருக்கிறது. இதற்குக் கறை என்று பெயர் இல்லாமல் வேறென்ன பெயர்?"

"பச்சையா இருக்கிறது பாசிங்க!"

"இதோ பாரும். இந்தக் காட்டில் இருக்கிற எல்லாச் சுவரையும் கருவிக்குக் காட்டியாயிற்று. பெரும்பாலான சுவர் என்ன நிறமோ அதுதான் சுவரின் இயல்பு நிறம் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு வீடும் பச்சை. உமக்கு மட்டும் என்ன தனிச் சுவரா?"

"நீங்களே உங்க கண்ணால பாருங்களேன்."

சதாசிவம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் அந்த வெள்ளையைப் பார்த்தார். "என் கண்ணுக்கு வாரியத்தில் கையெழுத்து அதிகாரம் கிடையாது" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "பொழுது சாய்வதற்குள் கறையை எடுத்துவிடும். இல்லையென்றால் அட்டையைக் கொடுத்துவிடும்."

செங்கமலம் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். புருஷனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தேன் அட்டையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை மாசிலாமணி யாரையும் விசாரிக்கவில்லை. நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், தடிவீரன் சுவரிலிருந்து பாசியைக் கை நிறைய வழித்தது. சேற்றில் பிசைந்து தன் சுவரில் அப்பியது. முதலில் யானை வெளுத்ததை மூடியது, பிறகு கீறல்களை. நவநீதன் பூசிய இடத்துக்கு வந்தபோது கை ஒரு கணம் தயங்கியது. அவ்வளவு அழகான வெள்ளை. செங்கமலம் தொண்டையைச் செருமினாள். அதையும் அப்பிவிட்டது.

சாயங்காலம் கருவி 'டிங்' என்றது.

"பரவாயில்லையே, நன்றாகச் சுத்தம் செய்துவிட்டீர்!" என்று சதாசிவம் பாராட்டி, 'தூய்மை இல்லம்' என்ற சான்றிதழைக் கொடுத்தார். ஏழாவது கட்டத்தில் மென்கழுவலை அடித்துவிட்டு 'அப்புதல்' என்று அவரே திருத்தி எழுதினார். அது வாரியத்துக்குப் பிடித்துப்போய், அடுத்த வருஷப் படிவத்தில் கழுவும் முறைகளில் முதலாவதாக அதையே அச்சடித்தார்கள்.

செங்கமலத்துக்குத் தேன் கிடைத்தது. இரண்டு குட்டிகள் பிறந்தன. ஆனால் நவநீதன் கழுவிய இடத்தில் மட்டும் அப்பிய பாசி நிலைக்கவே இல்லை. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து வெள்ளை எட்டிப்பார்த்தது. அதனால் தெருவில் யாராவது வருவது தெரிந்தால் மாசிலாமணி ஓடிவந்து அந்த இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

"வேலை வெட்டி இல்லாத ஆளு, எப்பப் பாத்தாலும் சுவரில சாஞ்சுக்கிட்டு" என்று போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள்.

யாரும் இல்லாதபோது மட்டும் அது திரும்பி நின்று அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்க்கும்.

நீதி: ஊரே பாசி பிடித்திருக்கும்போது உன் சுவரைக் கழுவாதே. கழுவித்தான் தீருவாய் என்றால், உன் முதுகு மறைக்கிற அளவுக்கு மட்டும் கழுவு.