மணலில் ஓட எந்த பிக்கப் நல்லது?

வண்டி வாங்கப்போகிறவர் என்று ஓர் இனம் உண்டு. வண்டி வாங்கியவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாங்கியவரிடம் வண்டி இருக்கும். வாங்கப்போகிறவரிடம் வண்டியைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்: ஒரு அலமாரி நிறைய விளம்பரத் தாள்கள், மணலில் சிக்கினால் தோண்டுவதற்கு மடக்கு மண்வெட்டி, இழுப்பதற்குக் கயிறு, டயருக்குக் காற்றடிக்க பம்ப், கண்ணாடியில் தொங்கவிட ஒரு பொம்மை.

ஊர் ஊராகச் சுற்றியதில் இந்த இனத்தை எல்லாக் கரைகளிலும் பார்த்துவிட்டேன். ஆனாலும் முதல்தரமான மாதிரி எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அக்கா வீட்டுக்காரர். நான் பயணம் புறப்பட்ட அன்று, "கடற்கரை மணல்ல ஓடற மாதிரி, பின்னாடி படகு ஏத்த ஒரு பிக்கப் வண்டி பார்த்துட்டிருக்கேன்மா" என்றார். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "நல்லவேளை, அவசரப்படலை" என்றார்.

அவசரம் அக்காவுக்கு. அவள் கடற்கரையில் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறாள். ஆறு படகுகள். சாலையோரக் கொட்டகையிலிருந்து தண்ணீர்வரை நானூறு அடி மணல். காலையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் இழுத்துக்கொண்டு வர வேண்டும். போன சீசனில் இடுப்பு பிடித்துக்கொண்டு பாதியிலேயே மூடிவிட்டாள். இந்த முறையும் மூடினால் கரையில் அவளுக்கென்று ஒதுக்கிய இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். சீசன் தொடங்கப் பத்தே நாள்.

அத்தான் என்ன செய்தார்? ஆராய்ந்தார். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், ஆனால் வண்டி கனக்கக் கூடாது. கனக்காத வண்டி காற்றில் ஆடும், ஆகையால் கொஞ்சம் கனக்க வேண்டும். அடிப்பக்கம் மணலில் இடிக்காத உயரம் வேண்டும், ஆனால் படகை ஏற்றும்போது அக்கா எம்பக் கூடாது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கவே கூடாது, ஆகவே கடல் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம்.

ஒரு நாள் ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப்போனார். கையில் ஒரு வாளி கடற்கரை மணல். பளபளத்த தரையில் அதைக் கொட்டி, குனிந்து கையால் நிரவி, "இதுல ஏத்திக் காட்டுங்க" என்றார்.

விற்பனையாளர் மணலைப் பார்த்தார். "சார், இது ஒரு டயருக்கே பத்தாது சார்."

"அப்ப மீதி மூணு டயர் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லை!"

அத்தான் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். இந்த இனம் கடைக்குப் போவது வாங்கவா? ஜெயிக்க. மணலை நான்தான் அள்ளினேன்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். "ஏங்க, ஏதாவது ஒண்ணை வாங்குங்களேன்."

"ஏதாவது ஒண்ணா? எதையும் அப்படி எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்யற ஆளா நான்?"

"என்னைக் கட்டிக்கப் பத்து நிமிஷத்துல சரின்னீங்க."

"அதுக்கப்புறம்தான் நிதானத்துக்கு வந்தேன்."

மறுநாள் காலை அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கரையில் குளிப்பவர்களைக் காக்கும் லைஃப் கார்டாக இருந்தவர் மாற்றலாகிப் போகிறார். தன் பழைய சிவப்பு பிக்கப்பை விற்கப்போகிறார்.

"இது மணல்ல போகுமா?"

"தினமும் போகுதேக்கா. டயர்ல பாதிக் காத்தை இறக்கிடுங்க. நடுவுல நிறுத்தாம ஓட்டுங்க. ரோட்டுக்கு வந்ததும் காத்தடிச்சுக்கங்க."

"சாவி குடுங்க."

இவ்வளவுதான். அத்தான் கூனிக்குறுகிப் போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவே இல்லை. சீசனின் முதல் நாள், படகுகளை மூன்று மூன்றாக அடுக்கி, இரண்டே நடையில் அக்கா தண்ணீரோரம் கொண்டு சேர்த்தாள். பக்கத்து இருக்கையில் அத்தான், ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டிக்கொண்டு. "மூணு வருஷம் அலசி ஆராய்ஞ்சு எடுத்த வண்டி!" என்று வழியில் நின்றவர்களுக்கெல்லாம் அறிவித்தார். அக்கா பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு இடமும் தப்பியது, இடுப்பும் தப்பியது. ஆனால் திரும்பும்போது அவர், "அடுத்து இந்தத் துடுப்புகளை மாத்தணும். மரமா, அலுமினியமான்னு நிதானமா பார்ப்போம்" என்று ஆரம்பித்தார். நடுமணலில் வண்டியை நிறுத்தக் கூடாதே. ஓட்டிக்கொண்டே எட்டி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தச் சிவப்பு பிக்கப் எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து மாடல், டயர் என்ன அளவு என்று இதை எழுதியவள் கடைசிவரை சொல்லவே இல்லையே என்று உள்ளே ஒரு சின்ன அரிப்பு இருக்கிறதா? இருந்தால் வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அவர்கள் பாவம், இந்த மாதமாவது நீங்கள் எதையாவது வாங்கிவிடுவீர்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.