அத்தானின் பெட்டிக்கு ஆள் சேர்த்த கதை

அன்பும் மரியாதையும் மிக்க அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே அக்கா நலம், பிள்ளைகள் நலம், ஆபீஸ் கட்டடமும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கே உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். மேற்கொண்டு படிக்கும்முன் ஒரு தடவை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. ஆபீஸ் சமாச்சாரம் எதுவும் உங்கள் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். கடிதம் கண்ணில்தானே விழும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஓய்வு இல்லத்துக்குக் கிளம்பிய அன்று, நம் கம்பெனியின் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை அட்டைக்குள் வைத்து ஒட்டும் பிரிவில் சிவனே என்று இருந்த என்னைக் கூப்பிட்டு, உங்கள் நாற்காலியில் உட்காரவைத்து, "மாப்ள, நம்ம பெட்டிக்கு விளையாட்டு செஞ்சு குடுக்க வெளியாளுங்களைப் புடி, விளையாட ஜனங்களைப் புடி, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டீர்கள். கார் திருப்பம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது: விளையாட்டு இல்லாத பெட்டியை ஜனங்கள் வாங்க மாட்டார்கள், ஜனங்கள் வாங்காத பெட்டிக்கு எவனும் விளையாட்டு செய்ய மாட்டான். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. பெட்டியில் ஓடுவதற்கு நம்மிடம் இருந்தது நீங்கள் செய்த 'ஆகாயக் கோட்டை' ஒன்றுதான். அதன் முதல் வாசலைத் தாண்டியவர் இதுவரை நீங்கள் ஒருவரே.

வெளியாட்களில் மூன்று பேர் வந்தார்கள். பூனை ஒன்று கடை நடத்தும் விளையாட்டைச் செய்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. பள்ளி விடுமுறைகளில் உட்கார்ந்து, கணக்குப் போட்டுக் கதவு திறக்கும் விளையாட்டைச் செய்த ஒரு கணக்கு டீச்சர். தங்கமான மனிதர்கள். வரவேற்று, காபி கொடுத்து, நீங்கள் சொன்னபடியே நம் வக்கீலை விட்டு ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னேன். தலையணை கனம் இருக்கிறது அத்தான் அது. விளையாட்டு இனி நம்முடையது, வேறெந்தப் பெட்டியிலும் அது ஓடக் கூடாது, செய்தவர்கள் அதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று வக்கீல் படித்துக்கொண்டே போக, டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, "தம்பி, இது கல்யாணமா, ஜெயிலா?" என்றார். நான் சிரித்தேன். வக்கீல் சிரிக்காமல், "ரெண்டுக்கும் உள்ள சரத்து இதுல இருக்கும்மா" என்றார். யாரும் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று ஆளுக்கொரு சோதனைப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாளே பூனை விளையாட்டுக்காரரின் பெண்டாட்டி போன் செய்தார். வெளியாட்கள் சந்தேகத்தை எழுதித்தான் கேட்க வேண்டும், பதில் அடுத்த மாதம் வரும் என்பது நீங்கள் போட்ட சட்டம். போனை எடுத்தது என் தப்பு. "சார், எங்க விளையாட்டைப் போட்டா திரை கறுப்பாவே இருக்கு." எனக்கு என்ன தெரியும்? அட்டை ஒட்டுகிறவன். "ஒருவேளை அது ராத்திரிக் காட்சியோ என்னவோம்மா" என்றேன். "சார், எங்க விளையாட்டுல ராத்திரியே கிடையாது!" பின்னாலிருந்து புருஷன், "வைம்மா போனை" என்றார்.

சரி, ஜனங்களைப் பிடித்துவிட்டால் இவர்கள் தானாக வருவார்கள் என்று கணக்குப் போட்டு, கீழ்த்தளத்தில் பெட்டிகளை வரிசையாக வைத்து, இலவசமாக விளையாடிப் பாருங்கள் என்று பலகை மாட்டினேன். கூட்டம் வந்தது அத்தான், பொய் சொல்லவில்லை, வாசல்வரை வந்தது. பிடித்து விளையாடும் கைப்பிடியை உங்கள் கைக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறோமா, மற்றவர்களுக்கு அது பூசணிக்காயைப் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு நர்ஸம்மா அதை மடியில் வைத்து ஆர்மோனியம் மாதிரி வாசித்தார். அதையாவது பொறுத்துக்கொண்டார்கள். பெட்டியைப் போட்டதும் நிறுவனர் உரை என்று நீங்கள் திரையில் தோன்றிப் பேச ஆரம்பிக்கிறீர்களே, தாண்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, அதுதான் வினையாகப் போயிற்று. நீங்கள்தான் முதல் வில்லன் என்று நினைத்து எல்லாரும் எல்லாப் பொத்தானையும் அழுத்திச் சுடப் பார்த்தார்கள். ஒரு பஸ் டிரைவர் வியர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்து, "இவரை எப்படிங்க கொல்றது?" என்று கேட்டார். பொத்தான்களை ஒருசேர அழுத்தியதில் பெட்டி அணைந்து, மறுபடி எரிந்து, நீங்கள் மறுபடி முதலிலிருந்து பேசத் தொடங்கினீர்கள். கூட்டம் கலைந்தது. கூட்டத்தைக் கேள்விப்பட்டு, தங்கள் விளையாட்டைக் காட்டலாம் என்று வந்து மூலையில் காத்திருந்த நம் மூன்று பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எதிர்க் கம்பெனியிலிருந்து ஏற்கெனவே கூப்பிட்டிருக்கிறார்களாம்.

இவர்களும் போய்விட்டால் நம் பெட்டி வெறும் பெட்டி. என்னோடு அட்டை ஒட்டும் அத்தனை பேர் முகமும் கண்முன் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் நிறுத்தம்வரை ஓடினேன். மூச்சிரைக்க, "என்ன செஞ்சா எங்க பெட்டி உங்களுக்குப் பிடிக்கும்? வாயைத் திறந்து சொல்லுங்க" என்றேன். டீச்சர் என் காலைப் பார்த்தார். "பிடிக்க வைக்கவே வேண்டாம் தம்பி. கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். நாங்க செஞ்சது எங்களோடதாவே இருக்கட்டும். விளையாட வர்றவங்களுக்கு நடுவுல நந்தி மாதிரி நிக்காதீங்க. அவ்வளவுதான்." அவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பஸ் வந்தது. ஏறாமல் திரும்பி வந்தார்கள்.

மாடியில் தனி அறையில் பூட்டிக்கொண்டு, வெளியாள் முகத்தையே பார்க்காமல் பெட்டி செய்துகொண்டிருக்கிறாரே நம் எஞ்சினியர், அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தப் பெண்டாட்டி பக்கத்தில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். விஷயம் இதுதான்: உங்கள் பேச்சு முடிந்தால்தான் எந்த விளையாட்டும் தொடங்க வேண்டும் என்று பெட்டிக்கு உத்தரவு. சோதனைப் பெட்டிகளில் பேச்சை ஏற்ற மறந்துவிட்டோம். பாவம், நீங்கள் எப்போது பேசுவீர்கள் என்று அது இருட்டில் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சினியர் அந்த உத்தரவை எடுத்ததும் பூனை கடையைத் திறந்து வியாபாரத்தில் இறங்கியது. பிறகு கீழ்த்தளத்துப் பெட்டி ஒன்றிலும் உங்கள் பேச்சை எடுத்துவிட்டு, டீச்சரின் விளையாட்டைப் போட்டோம். கைப்பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த நர்ஸம்மா அதில் உட்கார்ந்தார், அவர் போடும் கணக்கு தப்பு என்று, இன்னும் போகாமல் இருந்த பஸ் டிரைவர் பின்னால் நின்று கத்தினார், சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் உள்ளே வந்தார்கள். அத்தான், நம் பெட்டி முன்னால் ஜனங்கள் சண்டை போட்டதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆகையால் பணிவோடு உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். ஒப்பந்தத்தை ஒரு பக்கமாகக் குறைக்கலாமா? எஞ்சினியரின் போன் நம்பரை வெளியாட்களுக்குக் கொடுக்கலாமா? கைப்பிடியைச் சின்னதாக்கலாமா? கடைசியாக, உங்கள் பேச்சை எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுக்கலாமா? நீங்கள் சரி என்று எழுதும்வரை இதற்கு மேல் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டேன்.

உங்கள் ரத்தம் குளிர்ந்து, பெட்டி சூடு பிடித்து, இரண்டும் இடம் மாறாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போடும்முன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டு, "எதுக்குடா இவ்வளவு கெஞ்சல்? வக்கீலைக் கூப்பிட்டுப் பக்கத்தையெல்லாம் நானே கிழிக்கச் சொல்லிட்டேன். பேச்சை எடுத்த பெட்டி ஒண்ணைத் துணிமணியோட அவருக்கு அனுப்பியும் வெச்சாச்சு. தினம் போன் பண்ணி, டீச்சர் விளையாட்டுல மூணாவது கதவை எப்படித் திறக்கறதுன்னு என் உயிரை எடுக்கறாரு" என்கிறாள். எனவே மேலே கேட்ட அனுமதி எதையும் நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளவும். கதவைப் பற்றி டீச்சரிடம் விசாரித்தேன். முதலாளியாக இருந்தாலும் சொல்ல முடியாதாம்.