புரோக்கர் மிஸ்ஸி வைத்த பிறந்தநாள்

யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசிச் சேர்த்துவைப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். டொக்டரையும் டொக்டரையும் சேர்த்துவைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். சிறுபிள்ளைகள் கிளினிக்கில் தாதியாக இருந்த அவரை எல்லோரும் 'புரோக்கர் மிஸ்ஸி' என்போம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததோ தெரியாது.

என் மகள் கயலுக்கு அப்போது நாலு வயது. வலிப்பு, ஓயாத சளி, மூக்கு வழியே குழாயில் பால். சளி ஏன் கூடுகிறது என்றால், நெஞ்சு டொக்டர் வலிப்பு டொக்டரம்மாவைக் கேட்கச் சொல்வார். அவர் நெஞ்சு டொக்டரைக் கேட்கச் சொல்வார். பிள்ளையையும் சளி உறிஞ்சும் மெசினையும் தூக்கிக்கொண்டு கொழும்புத்துறையிலிருந்து நான் ஓட்டோவில் அலைவேன்.

ஒருநாள் மிஸ்ஸி என்னை மறித்தார்.

"அவையள் தங்களுக்குள்ளை கதைக்கிறேல்லையோ?"

"நேரமில்லையாம், மிஸ்ஸி."

"சரி. வாற வெள்ளிக்கிழமை பிள்ளைக்குப் பிறந்தநாள்."

"ஐயோ, அவள் பெப்ரவரியிலையெல்லோ பிறந்தவள்! இது ஓகஸ்ட்."

"அது உமக்குத் தெரியும். அவையளுக்குத் தெரியுமே?"

கேக், பற்றிஸ் என்றதும் இரண்டு டொக்டர்களும் வெள்ளிக்கிழமை கிளினிக் அறைக்கு வந்துவிட்டார்கள். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸும் வந்தார். புரோக்கர் மிஸ்ஸி கதவைச் சாத்தி, கேக் வெட்டும் கத்தியோடு அதில் சாய்ந்து நின்றார். நெஞ்சு டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"இதிலை பெப்ரவரி எண்டு கிடக்கு?"

"அது இங்கிலீசுக் கணக்கு, டொக்டர். இது நட்சத்திரப்படி."

டொக்டர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். பற்றிஸ் சூடாக இருந்ததால் கணக்கைக் கைவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கயலின் நெஞ்சு கரகரத்தது.

"உவ்வளவு சளி எங்கையிருந்து வருது?" என்றார் நெஞ்சு டொக்டர்.

டொக்டரம்மா மெல்லுவதை நிறுத்தினார். "என்ரை மருந்தாலை வரலாம். நான் சொல்லேல்லையே?"

"ஆருக்கு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவவைப் பாக்காதேங்கோ!" என்று மிஸ்ஸி கத்தியை ஆட்டினார். "ஆளையாள் பாருங்கோ!"

பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்போல முதலில் கொஞ்சம் வெட்கம். பிறகு வாய் மூடவில்லை. மருந்தை அங்கேயே மாற்றினார்கள். சில வாரங்களில் அந்தக் கரகரப்பு அடங்கியது.

அன்று புறப்படுமுன் பயிற்சி மிஸ் கேட்டார்: "நாக்கு நுனியிலை ஒரு துளி ஐசிங் தொட்டுவிடட்டோ?"

இரண்டு டொக்டர்களும் ஒரே குரலில் "ஓம்" என்றார்கள். நான் பயந்துபோய் மெசினைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

கயல் கண்ணைச் சுருக்கினாள். பிறகு, இன்னும் வேண்டுமென்று நாக்கை நீட்டினாள்.

எல்லோரும் கைதட்டினோம். புரோக்கர் மிஸ்ஸியின் சத்தம் மட்டும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கதவோடு முகத்தை வைத்து நின்றார், தோள் குலுங்கியது. நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.