துடக்கோடு சாமி தூக்கிய பிள்ளை

கிரவீன், சிட்னி,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகன் பிரஷாந்தனுக்கும் மருமகள் வைதேகிக்கும் அம்மா எழுதுவது. நான் கோபத்தோடு சுகம். உங்கள் சுகத்தை இந்த முறை விசாரிக்கவில்லை. என்றாலும் முருகன் உங்களைச் சுகமாய் வைத்திருக்கட்டும், நான் பேசி முடிக்கும் வரைக்குமாவது.

இன்று காலை யப்பானில் படிக்கிற உங்கள் மகன் யது வீடியோக் கோல் எடுத்தான். ஏதோ ஷிண்டோக் கோயில் திருவிழாவாம். தலையில் துணிக்கட்டு, நீலச் சட்டை, தோளில் பல்லக்குத் தடி. கோயில் முற்றத்தில் ஊரே சேர்ந்து சாமி தூக்க, வெளிநாட்டுப் பிள்ளை என்று என் பேரனையும் நடுவில் விட்டிருக்கிறார்கள். "அப்பம்மா, லுக்! சாமி தூக்கிறன்!" என்று கத்துகிறான். எனக்கு நெஞ்சு பூரித்தது. அடுத்த நிமிடம்தான் இழவுத் தீட்டு நினைவுக்கு வந்தது. உன் சித்தப்பா சச்சிதானந்தன் செத்து இரண்டு கிழமை ஆகவில்லை, எங்கள் வீட்டில் ஒருவரும் கோயில் வாசலை மிதிக்கவில்லை, இவன் இழவுத் துடக்கோடு சாமியைத் தோளில் வைத்திருக்கிறான்! எந்த ஊர்ச் சாமியென்றால் என்ன, சாமி சாமிதானே? "டேய், துடக்கடா! தோளை எடு!" என்று கத்திவிட்டேன்.

"துடக்கோ? ஆர் அப்பம்மா செத்தது?"

நான் என்னத்தைச் சொல்ல? "மாமி, பிள்ளை குழம்பிப் போவான், செமஸ்டர் முடியட்டும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினது ஆர்? உன் தங்கை நிரூபா போனைப் பறிக்க வந்தாள், கொடுக்கவில்லை. சொல்லிவிட்டேன். சிட்னிக்கு வந்தால் என்னிடம் வர முதல் சின்னத் தாத்தாவிடம் ஓடுகிற பிள்ளை. அவன் முகத்தைப் பார்த்திருந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

பிறகு அவனே திரும்ப எடுத்தான். கோயில் ஐயரிடம் போய் உண்மையைச் சொன்னானாம். அங்கேயும் இழவு வீட்டார் கோயில் வாசலைத் தாண்டுவதில்லையாம்! அந்த மனுசன் ஏசவில்லை. நீலச் சட்டையைக் கழற்றி வாங்கி, வாசலுக்கு வெளியே கூட்டிப்போய் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, செத்தவர் பெயர் என்னவென்று கேட்டாராம். "அவருக்கு சச்சிதானந்தன் எண்டு வாயில வரேல்ல அப்பம்மா. திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தவர். அப்பதான் எனக்கு அழுகை வந்தது" என்றான்.

பார்த்தாயா? பெற்ற தகப்பன் ஒளித்த சாவுக்கு ஒரு யப்பான் ஐயர் துக்கம் விசாரிக்கிறார்! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் பட்டம் எடுத்துக் கிளேட்டன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். பிள்ளையைப் பேய்க்காட்டி ஏமாற்றுவது எந்தப் பட்டத்துக்குப் படிப்பித்தது? ஒரு சாமியைத் தூக்கப் பலமுள்ள பொடியனுக்கு ஒரு சாவைத் தாங்கப் பலமில்லையோ? இனிமேல் எங்கட குடும்பத்தில அவனுக்கு ஒளிச்சு ஒண்டும் நடக்கக் கூடாது. சின்னதோ பெரிசோ, அண்டைக்கே சொல்ல வேணும். இது அம்மாவின் கட்டளை.

வைதேகி, கோபம் உன்னிலும்தான். அதற்காக நீ மெலிஞ்சு போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஆறாத அம்மா,
இரஞ்சிதம்

பி.கு.: எழுத்துக் கோணல் என்று யோசிக்காதேங்கோ. வியாழக்கிழமை குசினியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கு, இது இடது கையால் எழுதினது. வீடியோவில் கையைச் சால்வைக்குள்ளே வைத்துக்கொண்டுதான் கதைச்சனான். யதுவுக்கு மூச்சும் விடாதேங்கோ. பிள்ளை ஏங்கிப் போவான், செமஸ்டர் சோதனை முடியட்டும்.