குண்டு சுற்றிய கால்சட்டை

2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. கொலம்பியாவின் பொயாக்கா மலைநாட்டில், பியெத்ரா ப்ளாங்கா ஊரின் சந்தைத் தெருவில், காலை ஏழு மணிக்குள் நூற்று நாற்பத்து மூன்று பேர் ஒரு சைக்கிள் கடை முன் வரிசையில் நின்றார்கள்.

சைக்கிள் வாங்க யாரும் வரவில்லை. எல்லோரிடமும் சைக்கிள் இருந்தது. அதில் ஏறி நூறு, இருநூறு கிலோமீட்டர் மிதிக்கும்போது உட்காருகிற இடம் எரியாமல் இருக்க, அடியில் மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்று வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கக் கண் போதாது, கை போதாது, போட்டுப் பார்த்தாலும் போதாது. மயெஸ்த்ரோ, அதாவது குரு, எவெலியோவின் குண்டு வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் எவெலியோ மூடுபனியில் மலை இறக்கத்தில் விழுந்து உருண்டார். உடைந்த சக்கர அச்சிலிருந்து தெறித்த எஃகுக் குண்டு ஒன்று உள்ளங்கையில் பதிந்துகொண்டது. மற்றவர்கள் விழுந்தால் எலும்பு முறியும். இவருக்குத் தொழில் பிறந்தது.

அந்தக் குண்டை நூலில் கட்டிக் கால்சட்டைக்கு மேல் தொங்கவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் மெத்தை உங்கள் எலும்பை ஏற்றுக்கொண்டது. நேர்கோட்டில் ஆடினால் மறுத்துவிட்டது. ஏற்றுக்கொண்ட கால்சட்டையை நாற்பது நாள் துவைக்கக் கூடாது. சோப்பு பட்டால் இணக்கம் கரைந்துவிடும். தலைநகரத்தில் இருப்பவர்கள் நேரில் வர வேண்டியதில்லை. தொலைபேசியில் படம் அனுப்பினால் போதும். முகத்தின் படம்தான். குண்டுக்கு அவ்வளவு தூரப்பார்வை.

வரிசையின் முன்பகுதியில் நீடியா சியாச்சோகே நின்றாள். பதினோரு பசு வைத்திருப்பவள், சைக்கிளில் பால் ஊற்றுபவள். கால்சட்டை வாங்க அவள் வரவில்லை. தம்பி ஃபெர்னிக்குக் காவலாக வந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு, பதினேழாம் தேதி, மாநிலப் பந்தயம். முதல் ஐந்து பேருக்குத் தலைநகர அணியில் இடம், மாதச் சம்பளம். ஃபெர்னிக்கு வயது இருபத்தொன்று. இந்த மலையில் அவனை முந்த நான்கு பேர் இருந்தாலே அதிகம். ஆனால் மூன்று நாளாக அவன் நாற்காலியில் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தான். குண்டு தேர்ந்தெடுத்த கால்சட்டையை இருபத்து நான்கு நாளாகத் துவைக்காமல் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு அவன் வருவதற்கு முன் அவன் கால்சட்டை வந்து சேர்ந்தது.

"துவைச்சுத் தொலையேன்டா" என்று முந்தின நாள்தான் நீடியா கெஞ்சியிருந்தாள்.

"இன்னும் பதினாறு நாள் இருக்குக்கா. இப்பத் துவைச்சா இருபத்து நாலு நாளும் வீண்."

"அந்தப் புண்ணு?"

"பாவம் வெளிய போகுதாம். மயெஸ்த்ரோ சொன்னாரு."

"உன் பாவத்துக்கு வேற வாசலே கிடைக்கலையா? மடிய கழுவாம நாலு நாள் கறந்தா பசுவுக்கு என்னாகும்னு உனக்குத் தெரியாது?"

"பசு வேற, நான் வேற."

"தோலு ஒண்ணுதாண்டா. பசுவாவது வலிச்சா உதைக்கும்."

காத்திருந்த நேரத்தில் நீடியா குண்டைக் கவனித்தாள். பால்காரிக்கு எண்ணிக்கை பழக்கம். இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு முறையும் குண்டு மேல் அலமாரியில் இருந்த கால்சட்டைக்குத்தான் சுற்றியது. விலை கூடியதெல்லாம் மேல் அலமாரியில் இருந்தது. இருபத்து மூன்றாவதாக வந்தவர் ஊர் போலீஸ் இன்ஸ்பெக்டர்; எந்தக் கடையிலும் காசு கொடுத்துப் பழகாதவர். அவருக்குக் குண்டு கீழ் அலமாரியில் இருந்த மலிவுச் சரக்கின் மேல் ஆனந்தமாகச் சுற்றியது. எஃகுக்கும் உலக விவரம் தெரிந்திருந்தது.

ஃபெர்னியின் முறை வந்தது. நடையைப் பார்த்ததும் மயெஸ்த்ரோ கண்ணை மூடினார். திறந்தபோது அதில் கருணை வழிந்தது.

"தம்பி, முதல் டவுசர் உன் பாவத்தயெல்லாம் வாங்கிக்கிச்சு. பாவம், அதால இனிமே முடியாது. அதுக்கு ஒரு துணை வேணும்."

மேல் அலமாரியிலிருந்து ஒரு கருநீலக் கால்சட்டை இறங்கியது. குண்டு சுற்றியது. ஃபெர்னி பையில் கைவிட்டான். அந்தக் கையை நீடியா பிடித்துக்கொண்டாள்.

"மயெஸ்த்ரோ, ஒரு சந்தேகம். டவுசருக்கு மேல துணி மூடியிருந்தா குண்டு பேசுமா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கமே பேசும், அம்மா. தலைநகரத்துக்கே பேசுதே!"

"அப்ப ருவானாப் போர்வைக்கு அடியில இருந்தா?"

"கம்பளிக்கா பயப்படும்?" மயெஸ்த்ரோ சிரித்தார். வரிசையும் சிரித்தது. நூற்று நாற்பது பேர் காதில் விழச் சொன்ன சொல்லை அதன்பின் அவரால் விழுங்க முடியவில்லை. "அப்ப மூடி வெக்கறோம், குண்டு கண்டுபிடிக்கட்டும்" என்றாள் நீடியா.

குளிரில் ஐந்து பேர் தோளிலிருந்த ருவானாவைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒளித்துவைக்கிற வேலை ரொட்டிக்கடை எர்மென்சியாவுக்கு. அவள் மயெஸ்த்ரோவின் பரம பக்தை. அவளை யார் சந்தேகப்படுவார்கள்?

"ஃபெர்னியோட பழைய டவுசரையே வெக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதக் கண்டுபிடிக்கக் குண்டு எதுக்கு, மூக்கு போதும்" என்ற நீடியா எர்மென்சியாவிடம் திரும்பினாள். "இப்ப ஃபெர்னிக்குன்னு சுத்துச்சே, அந்தக் கருநீலத்த ஒரு ருவானாவுக்கு அடியில வைங்க. மிச்ச நாலுக்கு அடியில உங்களுக்குத் தோணினத வைங்க. வெச்சிட்டுப் பின்கட்டுக்குப் போயிடுங்க. உங்க மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிடக் கூடாது."

எர்மென்சியா வேலையை முடிக்கும்வரை மயெஸ்த்ரோவும் நீடியாவும் தெருவில் நின்றார்கள். பிறகு மயெஸ்த்ரோ உள்ளே வந்து மேஜையைச் சுற்றினார். இரண்டாவது ருவானாவின் மேல் குண்டு பம்பரமாகச் சுழன்றது.

"இதோ! ஃபெர்னியோட எலும்பக் கூப்பிடுது!"

ருவானாவைத் தூக்கினார்கள். அடியில் இரண்டு பாலாடைக்கட்டி ரொட்டி இருந்தது.

"பசியில இருக்கும்போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மலையில மேகம் எறங்கியிருக்கு" என்றார் மயெஸ்த்ரோ. "மறுபடி வைங்க."

மறுபடி வைத்தார்கள். இந்த முறை குண்டு ஐந்தாவதை விரும்பியது. அடியில் நான்கு உருளைக்கிழங்கு. மயெஸ்த்ரோவின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்தது. மூன்றாவது முறை கேட்டது அவர்தான். நூலை முத்தமிட்டார். மாதாவை அழைத்தார். முதல் ருவானாவின் மேல் குண்டு இதுவரை சுற்றாத வட்டமாகச் சுற்றியது. தூக்கினார்கள். மேஜைப் பலகை தெரிந்தது. மற்ற நான்கையும் தூக்கினார்கள். எங்குமே கால்சட்டை இல்லை.

"எர்மென்சியா! டவுசர் எங்க?"

பின்கட்டிலிருந்து அவள் கருநீலக் கால்சட்டையோடு வந்தாள்.

"ரெண்டு தடவ தப்பானதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. என் வீட்டுக்காரருக்கு மூணு வாங்கியிருக்கேன். அதான் இந்தத் தடவ எதுக்கு அடியிலயும் வெக்காம, இது மேலயே உக்காந்துட்டேன். நல்லா மெத்துனுதான் இருக்கு. ஆனா குண்டு என்னைக் கூப்பிடலையே மயெஸ்த்ரோ?"

கடை சிரிப்பில் குலுங்கியது. மயெஸ்த்ரோ கையை உயர்த்தினார்.

"சந்தேகம் உள்ள எடத்துல குண்டு பேசாது!"

"பேசாம இருந்தா பரவாயில்லையே" என்றாள் நீடியா. "வாய் ஓயாமப் பேசிச்சு. ரொட்டிகிட்டப் பேசிச்சு, கிழங்குகிட்டப் பேசிச்சு, வெறும் பலகைகிட்டயும் பேசிச்சு."

காசைத் திருப்பிக் கேட்ட முதல் குரல் எர்மென்சியாவுடையது. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் குறுக்கே புகுந்து கல்லாவைத் தன் பொறுப்பில் எடுப்பதற்குள் மயெஸ்த்ரோ பின்வாசல் வழியே போய்விட்டார், சைக்கிளில், நின்றபடி மிதித்து.

"அப்ப எப்படித்தான் டவுசர் எடுக்கறது?" என்று வரிசை கேட்டது. குண்டு போன துக்கம் குரலில் இருந்தது.

நீடியா கடைக்குப் பின்னால் கிடந்த சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு துண்டு அட்டையைக் கிழித்து முக்காலியில் போட்டாள். எர்மென்சியாவை முன்னால் சாய்ந்து உட்கார்ந்து எழச் சொன்னாள். அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது.

"உக்கார்ற எலும்பு இந்த ரெண்டுதான். மெத்தை இந்த ரெண்டு எடத்துலயும் திண்ணமா இருக்கணும். நடுவுல தையல் உறுத்தக் கூடாது. டவுசர் தோலோட ஒட்டி நிக்கணும், மடிப்பு விழக் கூடாது. உள்ள ஜட்டி வேண்டாம். ஓட்டிட்டு வந்ததும் துவைக்கணும், ஒவ்வொரு தடவையும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. இதற்கா விடியுமுன் எழுந்து வந்தோம் என்று முணுமுணுத்தார்கள். வரிசையின் கோடியில் நின்றதால் எதையும் பார்க்காத ஒருவர் மட்டும் அட்டையை மரியாதையோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது எங்க மந்திரிச்ச அட்டை, அம்மா? விலைக்குக் குடுப்பீங்களா?"

"குப்பையில கிடந்தது, ஐயா. இதுக்கு அமுங்க மட்டுந்தான் தெரியும். யோசிக்கறத நீங்கதான் செய்யணும். ஆனா அதுக்கு வேண்டியது நீங்க உக்கார்ற எடத்துல இல்ல, கழுத்துக்கு மேல இருக்கு."

திங்கட்கிழமை காலை சுகாதார நிலையத்தில் ஃபெர்னியின் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். பத்து நாள் சைக்கிளில் ஏறக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மார்ச் 17 பந்தயத்தை அவன் சாலை ஓரத்தில் நின்றபடி பார்த்தான். ஐந்தாவதாக வந்தவனைப் பயிற்சியில் அவன் பலமுறை முந்தியிருக்கிறான். ஃபெர்னியின் கால்சட்டை வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.