எரியுதான்னு கேட்டோமே

ஃபுமியே குனிந்ததும் அந்த வாடிக்கையாளர் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

வழக்கமாக அப்படி நடப்பதில்லை. பெரிய அங்காடியின் குறை கேட்கும் மேசை அது. கிழிந்த குடையோடும் சுருங்கிய சட்டையோடும் வருகிறவர்கள், எதிரில் இருப்பவரை நாலு முறையாவது மன்னிப்புக் கேட்டுக் குனிய வைக்காமல் ஓய மாட்டார்கள். இவரோ அவளுடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது, இப்படி வெந்து போயிருக்கு?"

"மன்னிக்கணும். சாயம் போட்ட இடத்துல கொஞ்சம்..."

"குடை கிடக்கு, விடுங்க. நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க."

இதைத் தூரத்திலிருந்து பார்த்த மேலாளருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "மன்னிப்பு நாம கேட்கணும், பரிதாபம் அவங்க படக் கூடாது. நாளையிலிருந்து கீழ்த்தளத்துல பொட்டலம் கட்டுங்க. முடியைச் சரியாப் பராமரிக்கலேன்னு மேலிடத்துல கேட்பாங்க. சலூன் தப்புன்னு ஒரு தாள் வாங்கிட்டு வந்தா நான் பேசறேன். மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா மேசைக்கு வேற ஆள்தான்."

அந்த மேசைக்கு ஃபுமியே வந்தபோது தலையில் ஒரு நரை கிடையாது. ஊரின் கோபத்தையெல்லாம் குனிந்தே கரைத்தவள் என்று அங்காடியில் அவளுக்குப் பெயர். ஊருக்கெல்லாம் குறை கேட்டவளுக்குத் தன் குறையைச் சொல்லத் தெரியாது என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். உகாய் அழகு நிலையத்தில் உரிமையாளர் உகாயே தன் கையால் அவள் நரைக்குச் சாயம் போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் உச்சியில் மிளகாய் அரைத்துத் தேய்த்தது போல எரிந்தது. "எரியுதுங்களா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள், "இல்லீங்க, சுகமா இருக்கு" என்றாள். சலூனில் கேட்கிற கேள்விக்கு 'இல்லை' என்பதுதான் பதில். அதைத் தாய் வயிற்றிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆமாம் என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்?

மறுநாளே சலூனுக்குப் போனாள். கறாராகப் பேச வேண்டும் என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

"வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தாள். "உங்க சாயத்தை என் தலைதான் தாங்கலை போல."

"அப்படிங்களா. தலைக்குத் தலை மாறும்," என்றார் உகாய் அனுதாபத்தோடு.

"ஆமாங்க. என் தலை கொஞ்சம் அப்படித்தான்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஷோஹெய் கேட்டார். அவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; வாய் பேசாது, கை சும்மா இருக்காது. வீட்டுக்கு வரும் பொட்டலக் காகிதங்களை எல்லாம் கசங்காமல் பிரித்து, மடித்து, இழுப்பறையில் அடுக்குவதே அவருக்குப் பொழுதுபோக்கு.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன தந்தாங்க?"

"அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லி நேரம் தந்திருக்காங்க. தள்ளுபடியோட."

ஷோஹெய் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக நீவினார். "நல்லா கேட்டே," என்றார்.

அந்த நேரத்தை ரத்து செய்யத் தொலைபேசியில் பேசும்போது, தோல் மருத்துவர் தீக்காயம் என்று சான்று எழுதிக் கொடுத்திருப்பதை அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். உகாய் விழித்துக்கொண்டார். மறுநாள் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கையில் யோகான் பெட்டி. பயறும் பாகும் சேர்த்து இறுக்கிய கட்டி அது, செங்கல் கனம் கனக்கும். மன்னிப்பு எவ்வளவு பெரிதோ பெட்டியும் அவ்வளவு கனக்க வேண்டும் என்பது முறை.

"வாங்கிட்டீங்களா?" என்று மாலையில் ஃபுமியே அலறாத குறை.

"கையில வச்சுட்டுப் போயிட்டார். கீழே போடவா முடியும்?"

"அப்ப பதிலுக்கு நாமும் ஏதாவது அனுப்பணுமே. வாங்கிட்டுச் சும்மா இருந்தா என்ன நினைப்பார்? எனக்கு நேரமில்லைங்க. நாளைக்கு நீங்களே நல்லதாப் பார்த்து அனுப்பிடுங்க."

அனுப்பியாகிவிட்டது என்று மறுநாள் அவர் சொன்னார். பெட்டி வைத்திருந்த இடத்தில் பெட்டியைக் காணோம். இழுப்பறையைத் திறந்தால் சலூன்காரரின் காகிதம் மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"முழுப் பெட்டியையும் தின்னுட்டீங்களா? டாக்டர் இனிப்பைத் தொடக் கூடாதுன்னு சொன்னாரே. சர்க்கரை ஏறினா யாருங்க பார்க்கறது?"

"ஏறலை," என்றார் ஷோஹெய். கல்லுப் பிள்ளையாரிடம் பேசலாம், இவரிடம் பேச முடியாது.

இரண்டு நாள் கழித்து உகாயிடமிருந்து செய்தி வந்தது. 'தங்கள் அன்பளிப்பு கிடைத்தது. விஷயம் இனிதே முடிந்ததில் மிக்க மகிழ்ச்சி.'

அதைப் படித்த ஃபுமியே கீழ்த்தளத்தில் பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, நுகர்வோர் மையத்துக்குப் போனாள்.

அங்கிருந்த ஆலோசகர் மகினோ அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எல்லாவற்றையும் கேட்டார்.

"முதல்ல கொஞ்சம் கையில தடவிச் சோதிச்சுப் பார்த்தாங்களா?"

"இல்லீங்க."

"அது அவங்க செய்ய வேண்டிய வேலை. நீங்க சுகமா இருக்குன்னு சொன்னதால அந்தத் தப்பு போயிடாது. வைத்தியச் செலவு, முடி வளர்ற வரைக்கும் ஒட்டுமுடி, பட்ட கஷ்டத்துக்கு ஈடு, எல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. சமாதானம்னு எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"போடலை. ஆனா அவர் தந்த பெட்டிக்குப் பதில் அனுப்பிட்டேன்."

மகினோ அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "மன்னிப்புப் பெட்டிக்கா? உலகத்துல யாரும்மா அதுக்குப் பதில் மரியாதை பண்ணுவாங்க?"

"மன்னிக்கணும். கை பழகிடுச்சு."

"என்கிட்ட ஏன் மன்னிப்பு கேட்கறீங்க? சட்டத்துல அதெல்லாம் செல்லாது. ஆனா நான் பேசிப் பார்க்கத்தான் முடியும், கட்டளை போட முடியாது. அவர் பிடிவாதம் பிடிச்சா நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும்."

கோர்ட்டு முடிவதற்குள் மேசை போய்விடும். ஃபுமியேவுக்கு அது தெரியும்.

பேச்சுவார்த்தைக்கு உகாய் அதே கறுப்புக் கோட்டில் வந்தார். துணைக்கு வந்த ஷோஹெய் மூலையில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த மிட்டாய்த் தாளை நீவத் தொடங்கினார்.

"மூணு தடவை எரியுதான்னு கேட்டோமே," என்றார் உகாய். "இல்லைன்னாங்க."

"ஐயா, உங்க கடையில கேட்ட கேள்விக்கு ஆமான்னு சொன்ன ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் மகினோ அம்மாள்.

உகாய் யோசித்தார். "ஒருத்தர் சொன்னார். அவர் வெளிநாட்டுக்காரர்."

மகினோ அம்மாள் ஃபுமியே பக்கம் திரும்பினார். "இப்ப நான் கேட்கறேன். அன்னைக்கு எரிஞ்சுதா?"

ஃபுமியேவின் நாக்கு பழக்கத்தில் 'இ'னாவுக்கு மடங்கிவிட்டது. அவள் அதை நிமிர்த்தினாள்.

"எரிஞ்சுது," என்றாள். "முதல் தடவை கேட்டப்பவே எரிஞ்சுது. மூணாவது தடவை உயிர் போச்சு. இன்னைக்கும் தலையணையில தலை வைக்க முடியலை. நீங்க சோதிச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கலை. என் மேசை எனக்குத் திரும்ப வேணும்."

மன்னிக்கணும் என்று அவள் சேர்க்கவில்லை. அது சேராமல் ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வந்ததை நினைத்து அவளுக்கே உள்ளுக்குள் துள்ளியது. குனியாமல் உட்கார்ந்திருந்தாள்.

உகாய் கடைசித் துருப்பை இறக்கினார்.

"சட்டம் நீங்க சொல்றபடியே இருக்கட்டும். நாங்க மூணு தலைமுறையாக் கடை நடத்தறோம். எங்களுக்கு ஊர் முறைன்னு ஒண்ணு இருக்கு. மன்னிப்பை ஏத்துக்கிட்டாத்தான் பெட்டியை வச்சுக்குவாங்க. அப்படியே திருப்பி அனுப்பியிருந்தாங்கன்னா அது எனக்குக் கன்னத்துல அறை. அன்னைக்கே வந்து தலை குனிஞ்சு, நீங்க நீட்டற தாள்ல கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"இப்பவும் அதே பேச்சுதானா?" என்று கேட்டபடி மகினோ அம்மாள் தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"மூணு தலைமுறைப் பேச்சு. ஆனா இவங்க பெட்டியை வச்சுக்கிட்டாங்க. பதிலுக்கு எவ்வளவு நல்ல யோகான் அனுப்பினாங்க தெரியுமா? நான் வாங்கற அதே கடை, அதே கனம். நம்ம மனசு ஒண்ணாயிடுச்சுன்னு சொல்லிக் கடையில எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தேன். ஒரு துண்டு மிஞ்சலை."

ஃபுமியேவின் தோள் தளர்ந்தது. வாய்ப் பேச்சில் ஜெயித்து வழக்கில் தோற்பதா?

மூலையில் காகிதம் நீவும் சத்தம் நின்றது.

"கடைக்குப் போக அலுப்பா இருந்துச்சுங்க," என்றார் ஷோஹெய். "அதான் உங்க பெட்டியைத் திறக்காம, மேல் காகிதத்தை மட்டும் மாத்தி உங்களுக்கே அனுப்பிட்டேன்."